ஊருக்குத் திருவிழா, சேரிக்கு வேலை: ஊதிய விடுப்பை நாம் ஏன் கேட்டுப் பெற வேண்டும்?

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவற்றுக்கு எதிராகத் தொழிற்சங்கங்கள் வைக்கும் வாதங்களை நாம் அறிவோம். ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளர் என்பதிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது. வேலைநிறுத்தத்திற்கான நிபந்தனைகள் இறுகிவிட்டன. அந்த எதிர்ப்பில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் அந்தப் பெரும் விவாதத்தின் ஓரத்தில் ஒருவரும் கண்டுகொள்ளாத ஒரு பிரிவு கிடக்கிறது. பணிப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பின் 32ஆம் பிரிவு அது. ஓராண்டில் 180 நாட்கள் பணிபுரிந்த தொழிலாளி, உழைத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு பெறலாம் என்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் இந்தத் தகுதி 240 நாட்களாக இருந்தது. அச்சட்டம் தொழிற்சாலைக்கு மட்டுமே பொருந்தியது. இப்போது தகுதி நாட்கள் குறைந்திருக்கின்றன. பொருந்தும் இடங்களும் விரிந்திருக்கின்றன.

ஏட்டிலுள்ள இந்த உரிமையை எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்பதே நம் கேள்வி. விடுப்பை மிச்சம் வைப்பது பொறுப்புணர்வின் அடையாளமாகவும், எடுப்பது சோம்பலின் அடையாளமாகவும் பேசப்படும் காலமிது. ஒரு மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர் 2023இல் இளைஞர்கள் வாரம் 70 மணிநேரம் உழைக்க வேண்டுமென்றார். 2025 தொடக்கத்தில் ஒரு கட்டுமானப் பெருநிறுவனத்தின் தலைவர் 90 மணிநேரத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமையும் ஆட்களை வேலைக்கு வரவைக்க முடியவில்லையே என வருந்தினார். நாளிதழ்கள் இவற்றை முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலான பொதுச் சிக்கலாகவே எழுதின. சாதி அந்தக் கட்டுரைகளில் இல்லை. ஆனால் இந்த நாட்டில் 'வேலைக்கு வராமல் இருப்பது' என்ற செயலுக்கு ஒரு சாதி வரலாறு உண்டு. அதை விட்டுவிட்டு விடுப்பைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு.

வராமை குற்றமாயிருந்த வரலாறு

நம் கிராமங்களில் திருவிழா என்பது யாருக்கு ஓய்வு, யாருக்கு வேலை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கோயில் கொடியேறினால் ஊர்த்தெருவில் கடை அடைப்பு, உறவினர் வருகை, விருந்து. சேரியிலோ பறையடிக்க ஆள், பந்தல் போட ஆள், விழா முடிந்ததும் எச்சில் இலை அள்ள ஆள். ஊரில் சாவு விழுந்தால் உறவினர் வேலையை விட்டு வருவார்கள். சாவுச் செய்தி சொல்லவும் குழி வெட்டவும் பிணம் எரிக்கவும் நம்மவர் வேலைக்குப் போவார்கள். ஊரின் ஓய்வுநாள் எதுவோ, அதுவே சேரியின் கட்டாய வேலைநாள். அன்றைக்கு ஒருவர் வராவிட்டால் அது 'ஊர்க்கட்டுப்பாட்டை மீறியதாக' எண்ணப்பட்டது. அபராதமும் அடியும் ஊர்விலக்கும் அதற்கு விடையாயின. இன்றும் பறையடிக்க மறுத்ததற்காகத் தாக்கப்பட்டோர் பற்றிய செய்திகளை நாம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இது கிராம வழக்கத்தோடு நின்றுவிடவில்லை. நவீன அரசின் சட்டப் புத்தகத்திலும் ஏறியது. 1916ஆம் ஆண்டின் ஐக்கிய மாகாண நகராட்சிகள் சட்டம், அனுமதியின்றி வேலையைக் கைவிடும் துப்புரவுத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப இடமளித்தது. ஒரு குமாஸ்தா வேலையை விட்டுப் போனால் ஊதியம் போகும், அவ்வளவே. ஒரு துப்புரவுத் தொழிலாளி போனால் சிறை. ஒரே நகராட்சி, ஒரே சட்டம். 1946 ஏப்ரலில் காந்தி தம் 'அரிஜன்' இதழில் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றி எழுதியபோது, அவர்களின் நிலை மேம்பட வேண்டுமென ஏற்றுக்கொண்டார். ஆனால் அவர்கள் ஒரு நாள்கூட வேலையை விடலாகாது என்ற நிலைப்பாட்டையும் எடுத்தார். பிற தொழிலாளர்க்கு இல்லாத இந்தத் தனி விதி ஏன் இவர்களுக்கு மட்டும் என்று நாம் கேட்டாக வேண்டும். நகரத்தின் சுகாதாரம் என்பார்கள். மருத்துவரும் செவிலியரும் நீரேற்று நிலைய ஊழியரும் அதே சுகாதாரத்தைத்தான் காக்கிறார்கள். அவர்களுக்குச் சுழற்சி முறை உண்டு, மாற்று ஆள் உண்டு, விடுப்பு உண்டு.

இதற்கு நேர்மாறான பார்வையை அண்ணல் அம்பேத்கர் 1938இலேயே முன்வைத்தார். பம்பாய்ச் சட்டமன்றத்தில் தொழில் தகராறு மசோதா வந்தபோது, வேலை செய்ய விரும்பாத மனிதனைத் தண்டிப்பது அவனை அடிமையாக்குவதே என்று வாதிட்டார். அந்த ஆண்டு நவம்பர் 7 அன்று மசோதாவை எதிர்த்துப் பம்பாயில் நடந்த ஒருநாள் வேலைநிறுத்தத்தில் அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சி முன்னணியில் நின்றது. பின்னர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, அதே பார்வையின் ஒரு பகுதியைச் சட்டமாகவே எழுத அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது.

அவர் காலத்தில் எட்டு மணிநேர வேலை வந்ததை நம் மேடைகள் அடிக்கடி சொல்கின்றன. 1944 நவம்பரில் மத்தியச் சட்டமன்றத்தில் அவர் எடுத்துச் சென்ற இன்னொரு மசோதாவை அந்த அளவுக்கு நாம் சொல்வதில்லை. ஆண்டு முழுவதும் இயங்கும் தொழிற்சாலைகளில் ஓராண்டு பணி முடித்தவர்க்கு ஊதியத்துடன் விடுமுறை வழங்குவது பற்றியது அது. 1945இல் சட்டமான அந்தத் திருத்தத்தின்படி வயதுவந்த தொழிலாளர்க்கு ஆண்டுக்கு 10 நாட்கள் கிடைத்தன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1936இல் வகுத்த 52ஆம் உடன்படிக்கை ஆண்டுக்கு ஆறு வேலைநாட்களையே குறைந்தபட்ச அளவாக வைத்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றாண்டுகள் கழித்து வந்த 1948 சட்டம் அதை 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்காக்கியது. இன்றைய தொகுப்பின் 32ஆம் பிரிவு அதே கணக்கைத்தான் சுமந்து நிற்கிறது.

தில்லியில் அந்த மசோதா பேசப்பட்ட அதே நாற்பதுகளில்தான் கீழத்தஞ்சைப் பண்ணையாட்கள் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகச் சங்கம் கட்டிப் போராடிக்கொண்டிருந்தார்கள். வயலுக்கு வராத பண்ணையாளுக்குக் கிடைத்தது அதுதான். வராதவனுக்கும் கூலி உண்டு என்ற சட்டம் ஒரு பக்கம்; வராதவன் வாயில் சாணிப்பால் ஊற்றும் நிலவுடைமை மறு பக்கம். இரண்டும் ஒரே காலம், ஒரே நாடு. ஊதிய விடுப்பு என்பதை முதலாளி தரும் சலுகையாகப் பார்ப்பவர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவில்லை. வேலைக்கு வராத நாளிலும் நீ இந்த இடத்துக்கு உரியவன், உன் கூலி உன்னுடையது என்று சட்டம் ஒப்புக்கொண்டதே அதன் பொருள். வராமை குற்றமாயிருந்த மக்களுக்கு இது சிறிய மாற்றமன்று.

கேட்காத விடுப்பு

நம்மவருள் பெரும்பாலோருக்கு விடுப்பே இல்லை என்பது முதல் உண்மை. 2017–18ஆம் ஆண்டின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, வேளாண்மை அல்லாத துறைகளில் முறையான மாத ஊதியம் பெறுவோரிலேயே 54.2 விழுக்காட்டினருக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு கிடையாது, 71.1 விழுக்காட்டினருக்கு எழுத்துப்பூர்வமான பணி ஒப்பந்தம் கிடையாது. இது மாத ஊதியக்காரர்களின் நிலை. வயற்காட்டுக் கூலிக்கும் கட்டட வேலைக்கும் வீட்டுவேலைக்கும் போவோர் இந்தக் கணக்குக்குள்ளேயே வரமாட்டார்கள். அவர்களுக்கு ஒரு நாள் காய்ச்சல் என்றால் ஒரு நாள் அடுப்பு எரியாது.

நாம் இங்கே பேச விரும்புவது உரிமை இருந்தும் எடுக்காதவர்களைப் பற்றி. அவர்களுள் இருவகையினரை நாம் அதிகம் காண்கிறோம். ஒருவர் ஒப்பந்ததாரரின் கீழ் உள்ள தூய்மைப் பணியாளர், காவலாளி, மருத்துவமனை உதவியாளர், பஞ்சாலைப் பெண். மற்றவர் முதல் தலைமுறையாகக் கல்லூரி முடித்து அலுவலகத்துக்குள் நுழைந்தவர்.

இரண்டாமவரை முதலில் பார்ப்போம், ஏனெனில் இதைப் படிக்கும் மாணவர்கள் பலர் நாளை அந்த நாற்காலியில் அமரப்போகிறவர்கள். தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு சாதிப் பெயர்களில் அனுப்பிச் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் செய்த ஆய்வு 2007இல் வெளியானது. உயர்சாதிப் பெயருடன் ஒப்பிடுகையில் தலித் பெயருள்ள விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67 மட்டுமே. இப்படி ஒரு வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர், வந்த பின்னும் தம்மை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைப்பதில் வியப்பில்லை. 'கோட்டாவில் வந்தவர்' என்ற பார்வை அரசு அலுவலகத்தில் வெளிப்படையாகவும் தனியார் அலுவலகத்தில் மறைவாகவும் அவர் முதுகில் விழுகிறது. எனவே அவர் விடுப்பை மிச்சம் பிடிக்கிறார். அடுத்த இருக்கைக்காரர் குலதெய்வக் கோயில் கொடைக்கும் மைத்துனர் வீட்டு மஞ்சள் நீராட்டுக்கும் தயங்காமல் விண்ணப்பிக்கிறார். ஒருவரும் புருவம் உயர்த்துவதில்லை. நம்மவர் தம் தந்தையின் அறுவை சிகிச்சைக்கே இரண்டு நாளுக்குப் பதில் அரைநாள் கேட்கிறார்.

இந்த மிச்சத்தால் அவருக்குக் கிடைப்பது என்ன? மதிப்பீட்டுப் படிவத்தில் எடுக்காத விடுப்புக்கு மதிப்பெண் இல்லை. பதவி உயர்வைத் தீர்மானிக்கும் சாதி வலைப்பின்னல், விடுப்புப் பதிவேட்டைப் பார்த்துத் தன் முடிவை மாற்றிக்கொள்வதும் இல்லை. மாறாக, 'இவர் எப்போதும் இருப்பார்' என்ற எதிர்பார்ப்பு உறுதிப்படுகிறது. தீபாவளிக்கு முந்தைய நாளும் பொங்கலன்றும் அலுவலகத்தைத் திறந்து வைக்கும் பொறுப்பு அவர்மேல் வந்து அமர்கிறது. குளிரூட்டப்பட்ட அறைக்குள்ளும் ஊருக்குத் திருவிழா, சேரிக்கு வேலை.

காரணம் சொல்லும் இடத்தில் இன்னொரு தயக்கம். தமிழ்நாட்டில் ஏப்ரல் 14 அரசு விடுமுறை. தனியார் நிறுவனங்கள் பலவற்றில் அது வேலைநாளே. டிசம்பர் 6 தமிழ்நாட்டில் அரசு விடுமுறை அன்று. விண்ணப்பத்தில் 'அம்பேத்கர் நினைவுநாள்' என்று எழுதினால் சாதி தெரிந்துவிடும் என்று அஞ்சி, உடல்நலமின்மை என்று பொய் எழுதுவோரை நாம் அறிவோம். ஈட்டிய விடுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டுமென்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 79ஆம் பிரிவு கோரியதில்லை. அது தற்செயல் விடுப்பு அன்று; உழைத்து ஈட்டியது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இன் 25ஆம் பிரிவு, ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்தவர்க்கு 12 நாட்கள் ஊதிய விடுமுறை தருகிறது. நோய்க்காக 12 நாட்களும் தகுந்த காரணத்துக்கான தற்செயல் விடுப்பாக 12 நாட்களும் அதிலிருந்து வேறானவை. ஜவுளிக்கடை விற்பனைப் பெண்ணுக்கும் மளிகைக்கடைப் பையனுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். அவர்களில் எத்தனை பேரிடம் இதை யாராவது சொல்லியிருக்கிறார்கள்?

உடல்நலம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அது சர்ச்சைக்குரியதன்று. உலகச் சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்தில் 55 மணிநேரம் அல்லது அதற்கு மேல் வேலை செய்வோர்க்கு, 35 முதல் 40 மணிநேரம் வேலை செய்வோரைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும் இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் கூடுதல். நீண்ட வேலைநேரத்தால் 2016இல் மட்டும் சுமார் 7,45,000 பேர் இறந்தனர் என்கிறது அது. குப்பை வண்டியோடும் சாக்கடை வாயுவோடும் கழியும் மணிநேரங்களுக்கு இந்தக் கணக்கு தனி எடை கொடுக்கவில்லை.

மறுப்புக்கு ஒரு தாள்

இனி ஒப்பந்தத் தொழிலாளர். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைச் சேர்ந்த தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்தும் பணி நிரந்தரம் கேட்டும் ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் அமர்ந்திருந்ததும், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டதும் நம் நினைவில் உள்ளன. பணி நிரந்தரம் என்ற அந்தச் சொல்லுக்குள் ஊதியமும் ஓய்வூதியமும் மட்டும் இல்லை. மகள் பிரசவத்துக்குப் போய்விட்டு வந்தாலும் அதே வேலை அதே இடத்தில் இருக்கும் என்ற உறுதியும் இருக்கிறது. ஒப்பந்த முறை முதலில் பறிப்பது அதைத்தான். 'வேலை இல்லையேல் கூலி இல்லை' என்பது அதன் ஒரே விடுப்பு விதி. விடுப்பு கேட்டால், 'உன் இடத்துக்கு ஆளை நீயே கொண்டு வா' என்பார் மேற்பார்வையாளர். ஆகவே தாய்க்குப் பதில் மகள் துடைப்பத்தோடு வந்து நிற்கிறாள். பரம்பரைத் தொழிலை ஒழித்துவிட்டோம் என்று சொல்லும் நகரத்தில், விடுப்பு மறுப்பு என்ற பின்வாசல் வழியாக அது தலைமுறை மாறுகிறது.

பஞ்சாலைகளிலும் இதே கதை வேறு உருவில் நடந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதிக்குள் வைத்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தலித் பெண்கள். முடிவில் மொத்தத் தொகை என்பது வாக்குறுதி. இடையில் விலகினால் அத்தொகை கிடைக்காது என்பது நிபந்தனை. வீட்டுக்குப் போவதென்றால் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ சில நாட்கள். தொழிற்சாலைகள் சட்டம் அவர்களுக்கும் பொருந்தியது. ஆனால் அந்த விடுப்பு அவர்கள் காதுக்கே எட்டவில்லை.

புதிய தொகுப்பு இங்கே ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிக்கிறது. 32ஆம் பிரிவின் விடுப்பு நிறுவனத்தில் பணிபுரியும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரியது. அரசு அலுவலகங்களைத் தொகுப்பு விலக்கியிருந்தாலும், அங்கே ஒப்பந்ததாரர் வழியாகப் பணிபுரிவோரை விலக்கவில்லை. அதே தொகுப்பு, ஒரு நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்துவதைத் தடை செய்துவிட்டு, எவை மையப் பணி அல்ல என்று ஒரு பட்டியல் தருகிறது. பெருக்குதல், துடைத்தல், குப்பை சேகரித்தல், அகற்றுதல் உள்ளிட்ட துப்புரவுப் பணிகள் அதன் முதல் வரிசையிலேயே உள்ளன; காவல் பணியும் உணவகப் பணியும் தொடர்கின்றன. துப்புரவுக்காகவே அமைந்த நிறுவனம் அல்லாத எங்கும் இவ்வேலைகளை ஒப்பந்தத்துக்கு விடலாம். எந்தச் சாதியினர் இந்த வேலைகளில் நிறைந்திருக்கிறார்கள் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் 180 நாள் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும் ஆபத்து இருக்கிறது. பத்தாண்டுகளாக அதே தெருவைப் பெருக்குபவர் ஏட்டில் எப்போதும் புதியவராகவே இருப்பார்.

இந்த இடத்தில்தான் விடுப்பு விண்ணப்பம் ஓய்வைத் தாண்டிய ஒரு பொருளைப் பெறுகிறது. அது ஒரு சான்று. தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்க்கு நிரந்தரத் தகுதி வழங்கல்) சட்டம் 1981, 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்பணி செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. அனுமதிக்கப்பட்ட விடுப்பால் அந்தத் தொடர்பணி அறுபடாது. ஆனால் சொல்லாமல் நின்ற நாள் அறுபடும். வாய்மொழியாகக் கேட்டுச் சென்ற நாளையும் 'சொல்லாமல் நின்றார்' என்று பின்னர் எழுதிவிடலாம். தொழிலாளர் நீதிமன்றங்களில் நம்மவர் வழக்குகள் பல தோற்பது இத்தகைய ஒரு தாள் இல்லாமையால்தான். மேற்பார்வையாளரிடம் கையெழுத்தோடு பெற்ற விடுப்பு ஒப்புகை, நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கும், யார் உங்களைக் கட்டுப்படுத்தினார் என்பதற்கும் ஆவணம். கையெழுத்திட மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சல். கைப்பேசியில் விடுப்பு கேட்பவர்கள் அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

சட்டமும் கேட்டவருக்கே துணை நிற்கிறது. எடுக்காத விடுப்பில் 30 நாட்கள் வரைதான் அடுத்த ஆண்டுக்குச் செல்லும். ஆனால் விண்ணப்பித்தும் மறுக்கப்பட்ட விடுப்புக்கு அந்த வரம்பு இல்லை. 1948 சட்டத்தில் இருந்த இந்த வேறுபாட்டைப் புதிய தொகுப்பும் வைத்திருக்கிறது. கடைகள் சட்டத்திலும் அப்படியே: விண்ணப்பித்து மறுக்கப்பட்ட பின் வேலையை விட்டு விலகுபவருக்கு அந்த விடுமுறைக்கான ஊதியத்தை உரிமையாளர் கொடுத்தாக வேண்டும். கேட்காதவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவருடைய விடுப்பை ஒருவரும் மறுக்கவில்லை. அது சத்தமில்லாமல் காலாவதியாகிறது. பல மாநிலத் தொழிற்சாலை விதிகள் தொழிலாளிக்கு விடுப்புப் புத்தகம் ஒன்றைத் தரச் சொல்லின. அந்தப் புத்தகம் தொழிலாளியின் உடைமை என்றும் சொல்லின. அதைக் கண்ணால் கண்ட நம்மவர் மிகச் சிலரே.

விடுப்பைப் பணமாக்குவது பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறும் வசதி கொரோனா காலத்தில் 2020இல் நிறுத்தப்பட்டு, 2025 அக்டோபர் முதல் 15 நாட்களுக்கு மீண்டும் வந்தது. பலர் மகிழ்ந்தனர், அதில் பிழையில்லை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்தப் பணம்தான் என்றிருப்பவரிடம் போய், விற்காதே, ஓய்வெடு என்று உபதேசிக்க நமக்கு உரிமையில்லை. புதிய தொகுப்பும் ஆண்டிறுதியில் தொழிலாளி கோரினால் பணமாக்க இடமளிக்கிறது. 'கோரினால்' என்பதே அங்கு உயிர்ச்சொல். நிர்வாகமே முடிவெடுத்து ஆண்டுதோறும் விடுப்பைக் காசாக்கிக் கையில் திணித்தால், அது 365 நாளும் ஆளை நிறுத்தி வைக்கும் வழியாக மாறிவிடும். குறைந்த கூலியைச் சரிக்கட்ட விடுப்பை விற்க வேண்டிய நிலை இருக்குமானால், அங்கே நாம் போராட வேண்டியது கூலிக்காக.

'ஒருவர் விடுப்பெடுத்தால் இன்னொரு தொழிலாளியின் தலையில்தானே அந்த வேலை விழுகிறது' என்ற வாதம் நம் தோழர்களிடமிருந்தே வருகிறது. உண்மைதான். ஆனால் அது யார் போட்ட கணக்கு? ஒரு பகுதியைத் தூய்மையாக வைத்திருக்க நாள்தோறும் 60 பேர் தேவை என்று கொள்வோம். ஆண்டுக்கு 21,900 ஆள்நாட்கள். ஒருவருக்கு வார ஓய்வு 52 நாள். தமிழ்நாட்டுத் தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம் 1958இன்படி தேசிய விடுமுறை நான்கும் பண்டிகை விடுமுறை ஐந்தும் சேர்ந்து 9. ஈட்டிய விடுப்பு சுமார் 14. எஞ்சுவது 290 நாட்கள். 21,900ஐ 290ஆல் வகுத்தால் 76 பேர் வேண்டும். ஒப்பந்தத்தில் 60 பேர் என்று எழுதப்பட்டிருந்தால், அந்தப் பதினாறு பேருக்கான கூலியை யாரோ மிச்சம் பிடிக்கிறார்கள். அந்த மிச்சம் தொழிலாளரின் ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்தும் தீபாவளிகளிலிருந்தும் வெட்டி எடுக்கப்படுகிறது. விடுப்பெடுத்த தோழியின் மேல் எரிச்சல்படும் தொழிலாளிக்கு முதலில் காட்ட வேண்டியது இந்த வகுத்தல் கணக்கை.

விடுமுறை நாளில் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது அன்றைய கூலியோடு மாற்று விடுமுறை என்று 1958 சட்டம் சொல்கிறது. தீபாவளி மறுநாள் பட்டாசுக் குப்பை அள்ளும் பணியாளர்களைப் பாராட்டி ஆண்டுதோறும் நாளிதழ்கள் படம் போடுகின்றன. அந்த நாட்களுக்கான கூலிச் சீட்டை யாரும் படம் பிடிப்பதில்லை.

களப்பணியில் உள்ள தோழர்களும் விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர்களும் தத்தம் நகராட்சியிடம் தகவல் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின்கீழ் சிலவற்றைக் கேட்கலாம். தூய்மைப் பணி ஒப்பந்தப்புள்ளியில் மொத்தம் எத்தனை ஆட்கள் குறிக்கப்பட்டுள்ளனர். அவர்களுள் வார ஓய்வுக்கும் விடுப்புக்கும் மாற்றாக எத்தனை பேர். கடந்த ஆண்டு ஊதியத்துடன் கூடிய விடுப்பாக எத்தனை நாட்களுக்குக் கூலி வழங்கப்பட்டது. தேசிய, பண்டிகை விடுமுறை நாட்களில் பணிபுரிந்தவர்க்கு இரட்டைக் கூலி வழங்கியதற்கான பட்டியல் எங்கே. விடை 30 நாட்களுக்குள் வர வேண்டும். வந்ததும் அதிலுள்ள ஆள் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு, விடியற்காலை ஐந்தரை மணிக்கு வருகைப் பதிவு நடக்கும் இடத்துக்குப் போய் நிற்பவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.